கவுன் மாட்டிய பிறகு

(விம்கோ நகரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'அரசியல், சட்டம், பொதுக்கொள்கை: இளைஞர்களுக்கான வாய்ப்புகள்' என்று அழைப்பிதழில் அச்சடித்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் வழக்கமாக என்ன பேசுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். விடாமுயற்சி, நேரத்தை வீணாக்காமை, தினமும் ஆங்கிலப் பத்திரிகை வாசிப்பது. அதையெல்லாம் சொல்ல நான் எதற்கு? உங்கள் கைப்பேசியே நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நான் இன்றைக்குக் காசைப் பற்றிப் பேசப்போகிறேன். சட்டம் படித்து, பார் கவுன்சிலில் பதிவு செய்து, கறுப்பு கவுனை மாட்டிய பிறகு, கைக்கு வருமானம் என்று ஒன்று வருகிற வரைக்கும் ஒரு வடசென்னைப் பிள்ளையைத் தாங்குவது யார்? இதற்குப் பதில் கிடைக்காமல் வாய்ப்புகளைப் பற்றி எவ்வளவு பேசினாலும் அது பசித்தவனுக்குப் பந்தியைக் காட்டுவதாகத்தான் இருக்கும்.

தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரைச் சுமக்கும் ஊர் இது. வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்பதன் சுருக்கம்தான் விம்கோ. சுற்றிலும் இருப்பவை உங்களுக்கு மனப்பாடம்: அசோக் லேலண்ட், எம்.ஆர்.எஃப்., என்ஃபீல்டு, மணலி சுத்திகரிப்பு ஆலை, அனல் மின் நிலையங்கள், துறைமுகங்கள். இந்தியாவின் தொழிலாளர் சட்டம், சுற்றுச்சூழல் சட்டம், கடலோர ஒழுங்காற்று விதிகள் மூன்றும் ஒரே பஸ் தடத்தில் நடைமுறைக்கு வருகிற, அல்லது வராமல் போகிற இடம் இது. சட்டம் படிக்க இதைவிட நல்ல பாடசாலை எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை என்பேன். ஆனால் இந்தப் பாடசாலையில் வழக்கு நடத்தியவர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவர்கள். அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1918 ஏப்ரல் 27-ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பெரம்பூர் பக்கிங்ஹாம், கர்நாட்டிக் மில் தொழிலாளர்களுக்காகச் செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் முன்னின்று கூட்டிய சங்கம். தலைவர் பி.பி.வாடியா, உடன் நின்றவர் திரு.வி.க. 1920 கடைசியில் மில்லில் கதவடைப்பு, துப்பாக்கிச் சூடு எல்லாம் நடந்தது. அப்போது மில்லை நடத்திவந்த பின்னி நிறுவனம் ஒரு வேலை செய்தது. உயர் நீதிமன்றத்துக்குப் போய், 'வேலை ஒப்பந்தத்தை மீறச் சொல்லித் தொழிலாளரைத் தூண்டுகிறார்' என்று வாடியாமீது வழக்குப் போட்டுத் தடையாணை வாங்கியது. வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்குவது நஷ்டஈடு கொடுக்க வேண்டிய சிவில் தவறு என்றாகிவிட்டது. கடைசியில் வாடியா சங்கத்தைவிட்டு விலக வேண்டிவந்தது. வழக்கும் திரும்பப் பெறப்பட்டது.

இதே சிக்கல் இங்கிலாந்திலும் வந்ததுதான். 1901-இல் டாஃப் வேல் ரயில்வே வழக்கில், வேலைநிறுத்தத்தால் வந்த நஷ்டத்துக்குச் சங்கமே பொறுப்பு என்று தீர்ப்பானது. அங்கே தொழிலாளிக்கு ஓட்டு இருந்தது. 1906-இல் பாராளுமன்றமே சட்டம் போட்டு அந்த வழியை அடைத்தது. அந்த நஷ்டஈட்டுப் பொறுப்பு மட்டும் கப்பலேறி நமக்கு வந்தது, பாதுகாப்பு வரவில்லை. சென்னை வழக்கின் அதிர்ச்சியில்தான் 1921-இல் என்.எம்.ஜோஷி மத்திய சட்டசபையில் தொழிற்சங்கச் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். 1926-இல் சட்டம் வந்தது. அதன் 18-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள்: தொழில் தகராறில் வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்பதற்காக மட்டும் சங்கத்தின்மீதோ நிர்வாகியின்மீதோ சிவில் வழக்குப் போட முடியாது. வாடியாவுக்கு நடந்தது இனி ஒருவருக்கும் நடக்கக் கூடாது என்று எழுதிய பிரிவு அது. அந்தச் சட்டம் நூறாண்டு நிறைவதற்கு நான்கு மாதம் இருக்கும்போது, 2025 நவம்பர் 21-ஆம் தேதி, 2020-ஆம் ஆண்டின் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டத்துக்குள் கரைந்துபோனது. புதிய சட்டத்தில் அந்தப் பாதுகாப்பு எந்த வடிவத்தில் இருக்கிறது என்று இந்த மண்டபத்தில் இருக்கும் சட்ட மாணவர்கள் இன்றிரவே எடுத்துப் பார்க்க வேண்டும். நான் சொல்ல மாட்டேன்.

வாடியா பம்பாய்க்காரர், பிரம்மஞான சபைப் பிரமுகர். 1919-இல் வாஷிங்டனில் நடந்த முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டுக்கே போய்வந்தவர். ஜோஷியும் பம்பாய். பிறகு வந்தவர்களைப் பாருங்கள். மோகன் குமாரமங்கலம் கேம்பிரிட்ஜில் படித்து பாரிஸ்டராகித் திரும்பியவர். சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த ஜமீன்தார் டாக்டர் சுப்பராயனின் மகன். வடசென்னைக்கு 1957-இல் எம்.பி.யான எஸ்.சி.சி.அந்தோணிப்பிள்ளை யாழ்ப்பாணத்துக்காரர், லண்டனில் படித்தவர். மீனவக் குடும்பத்திலிருந்து வந்த சிங்காரவேலர் ஒரு விதிவிலக்கு. அவரும் ஒத்துழையாமை இயக்கத்தின்போது கவுனைத் தீயிலிட்டு வக்கீல் தொழிலைவிட்டே வெளியேறினார். 1923-இல் இந்தியாவின் முதல் மே தினத்தை நம் கடற்கரையில் கொண்டாடியவர் அவர்தான். இவர்கள் ஒவ்வொருவருக்கும் நாம் கடன்பட்டவர்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வருமானம் இல்லாத வருடங்களைக் கடக்க இவர்களில் பலருக்குக் குடும்பத்தின் வசதியோ இயக்கத்தின் ஆதரவோ கை கொடுத்தது. இங்கே பக்கத்து எர்ணாவூரில் இருக்கும் ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளியின் மகளுக்கு அந்த இரண்டும் இல்லை.

அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு காலத்தில் ஆதரவாக இருந்தவை சில வக்கீல் அலுவலகங்கள். 'ராவ் அண்ட் ரெட்டி' என்று ஓர் அலுவலகம் சென்னையில் இருந்தது. அதன் வி.ஜி.ராவைச் சட்டம் படிப்பவர்கள் எல்லோரும் அறிவார்கள். அவர் பொதுச் செயலாளராக இருந்த மக்கள் கல்விக் கழகத்தை 1950 மார்ச்சில் சென்னை அரசு சட்டவிரோத அமைப்பு என்று அறிவித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1952 மார்ச் 31-ஆம் தேதி அரசு தோற்றது. அடிப்படை உரிமைக்கு அரசு போடும் கட்டுப்பாடு 'நியாயமானதா' என்று பார்க்க இன்றும் இந்தியா முழுக்க மேற்கோள் காட்டும் தீர்ப்பு அதுதான். அந்த அலுவலகத்தில் ஏழைகளின் வழக்குகளை எடுத்து நடத்தினார்கள். இளைஞர்களும் அங்கே தொழில் கற்றார்கள். 'ஜெய்பீம்' படத்தின் வழியாக நீங்கள் அறிந்த நீதிபதி சந்துரு அங்கே ஜூனியராக இருந்தவர்தான். மாணவர் இயக்கத்திலிருந்து நேராக நீதிமன்றத்துக்கு வந்த ஒருவரை உயர் நீதிமன்ற நீதிபதியாகும் அளவுக்கு வளர்த்தெடுத்ததில் அந்த அலுவலகத்துக்கும் பங்குண்டு. கல்லூரி சட்டத்தைச் சொல்லித் தரும். சீனியரின் அலுவலகம்தான் வக்கீலை உருவாக்கும்.

கல்லூரியும் இப்போது பக்கத்தில் இல்லை. 1891-இல் தொடங்கிய சென்னைச் சட்டக் கல்லூரி உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருந்தது. விம்கோ நகரில் மின்ரயில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் வகுப்பு. மத்தியானம் வகுப்பு இல்லையென்றால் பக்கத்துக் கட்டடத்தில் ஏதாவது கோர்ட் ஹாலில் போய் உட்கார்ந்து வாதத்தைக் கேட்கலாம். 2008 நவம்பரில் மாணவர்களுக்குள் சாதியின் பேரில் நடந்த கொடூரமான மோதலுக்குப் பிறகு நீதிபதி சண்முகம் ஆணையம் அமைத்தார்கள். கல்லூரியை இடம் மாற்றப் பரிந்துரை வந்தது. 2018-இல் மாணவர் போராட்டத்தையும் மீறிப் பட்டரைப்பெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்குமாகப் பிரித்து அனுப்பினார்கள். இப்போது நம் பிள்ளை பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி, திருவள்ளூரில் இறங்கி, திருத்தணி போகும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். புதுப்பாக்கம் கிடைத்தால் நகரத்தின் மறுகோடி, கேளம்பாக்கத்தையும் தாண்டி. வேடிக்கை என்னவென்றால், 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகருக்கு வந்தது. அதே நீலத் தடத்தில் 'உயர் நீதிமன்றம்' என்றே ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. ஏறினால் மாறாமல் அங்கே போய் இறங்கலாம். இறங்கினால் கல்லூரி இல்லை. மோதலுக்குக் காரணமான சாதியை இடம் மாற்ற முடியாத அரசு, கல்லூரியை இடம் மாற்றியது.

சரி, எப்படியோ படித்து முடித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து பதிவுக் கட்டணம். வழக்கறிஞர் சட்டப்படி பொதுப்பிரிவுக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். ஆனால் நாடு முழுக்கப் பார் கவுன்சில்கள் அந்தக் கட்டணம் இந்தக் கட்டணம் என்று ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தன. 2024 ஜூலை 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கௌரவ் குமார் வழக்கில், சட்டத்தில் உள்ளதற்கு மேல் ஒரு பைசாவும் வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு அது பெரிய நிம்மதி.

அதற்குப் பிறகுதான் உண்மையான பரீட்சை. ஒரு ஜூனியரின் நாளைச் சொல்கிறேன். முந்தின இரவே காஸ் லிஸ்டைப் பார்த்து எந்தெந்தக் கோர்ட்டில் எத்தனையாவது ஐட்டம் என்று குறித்துக்கொள்ள வேண்டும். காலையில் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு பத்தரைக்குள் கோர்ட்டில் நிற்க வேண்டும். சீனியர் வேறொரு கோர்ட்டில் மாட்டிக்கொண்டால், 'பாஸ் ஓவர்', அதாவது வழக்கைக் கொஞ்சம் தள்ளி எடுங்கள் என்று கேட்டு நீதிபதியின் முகத்தைப் பார்க்க வேண்டும். மத்தியானம் ஃபைலிங் செக்‌ஷனில் ரிட்டர்ன் ஆன பேப்பரை வாங்கி, ஏன் ரிட்டர்ன் ஆனது என்று குமாஸ்தாவிடம் கற்றுக்கொண்டு, சரிசெய்து மறுபடி போட வேண்டும். சாயங்காலம் கட்சிக்காரர் வருவார். அவர் சொல்லும் இரண்டு மணி நேரக் கதையில் வழக்குக்கு வேண்டிய நாலு தேதிகளைப் பிரித்தெடுக்க வேண்டும். எட்டரைக்கு ஆபீஸ் சாத்தினால் வீட்டுக்கு வரும்போது பத்து. நான் குறை சொல்லவில்லை. இந்த வேலைதான் வக்கீலை உண்டாக்குகிறது. வேறு குறுக்கு வழி இல்லை. ஆனால் இதற்குப் பல அலுவலகங்களில் சம்பளம் என்று ஒன்று கிடையாது. 'கற்றுக்கொள்கிறாய், அதுவே போதாதா' என்பது பழைய மரபு. அந்த மரபை உண்டாக்கியவர்களின் வீட்டில் நிலம் இருந்தது.

எனக்குத் தெரிந்த ஒரு பெண். இந்தப் பக்கத்துப் பிள்ளைதான், பெயர் வேண்டாம். அப்பா ஓர் ஆலையில் கான்ட்ராக்ட் தொழிலாளி. தொழிலாளர் நீதிமன்ற வழக்குகளில் அவளுக்கு இருந்த கூர்மையை நான் பலரிடம் பார்த்ததில்லை. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும்போது வேலையிடத்தின் படமே அவள் மனதில் இருக்கும். எந்த மெஷின் எங்கே, சூப்பர்வைசர் எங்கே நின்றிருக்க முடியும், எங்கிருந்து பார்த்தால் தெரியாது, எல்லாம். ஒரு நாள் வந்து, "சார், அடுத்த மாசத்துலேர்ந்து கோர்ட்டுக்கு வரல. அப்பாவுக்கு கான்ட்ராக்ட் முடிஞ்சிடுச்சு. தம்பி இன்னும் படிக்கிறான்" என்றாள். இப்போது கடன் வசூலிக்கும் ஒரு கம்பெனியின் சட்டப் பிரிவில் உட்கார்ந்து நோட்டீஸ் தயாரிக்கிறாள். மாதம் பிறந்தால் சம்பளம். அந்த நோட்டீஸ்களில் பாதி இந்தத் தெருக்களுக்குத்தான் வருகின்றன. அவளைத் தப்பு சொல்ல யாருக்கும் யோக்கியதை இல்லை.

2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இதைக் கையிலெடுத்தது. சென்னை, மதுரை, கோவை போன்ற நகரங்களில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற இடங்களில் 15,000 ரூபாய் தர வேண்டும் என்று நீதிபதிகள் சொன்னார்கள். பார் கவுன்சிலும் சுற்றறிக்கை விட்டது. எத்தனை அலுவலகத்தில் நடக்கிறது என்று இங்கே இருக்கும் ஜூனியர்களைக் கேளுங்கள், சீனியர்களைக் கேட்காதீர்கள். சின்ன அலுவலகம் நடத்தும் சீனியருக்கும் கஷ்டம் இருக்கிறது. தொழிலாளி தரப்பில் ஆஜராகும் வக்கீலுக்கு வரும் ஃபீஸில் 20,000 எடுத்து வைப்பது லேசான காரியமில்லை. ஆகவேதான் வெளியிலிருந்து யாராவது அந்தச் சுமையில் கை வைக்க வேண்டும் என்கிறேன்.

ஐ.ஏ.எஸ். கோச்சிங் பற்றிச் சொல்லாமல் விட்டால் பெற்றோர்கள் கோபிப்பார்கள். அரசு நல்லது செய்திருக்கிறது. 'நான் முதல்வன்' திட்டத்தில் 1,000 பேரைத் தேர்ந்தெடுத்து மாதம் 7,500 ரூபாய் பத்து மாதத்துக்குத் தருகிறார்கள். கோட்டையில் கொள்கை வேலை பழக 30 பேருக்கு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் 2022-இல் வந்தது. எல்லாம் சரி. ஆனால் பரீட்சைக்குத் தயாராகிறவருக்கு உதவித்தொகை உண்டு, பரீட்சை எழுதாமல் ஊரில் நின்று வழக்கு நடத்துகிறவருக்கு இல்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காரும் அதிகாரி நமக்கு வேண்டும்தான். இந்தப் பக்கம் உட்கார்ந்து அவர் கையெழுத்துப் போடும் கோப்பைப் படிக்கத் தெரிந்தவரும் வேண்டாமா?

படிப்பது என்றால் என்ன என்பதற்கு ஒரு உதாரணம் தருகிறேன். 2023 ஏப்ரல் 21-ஆம் தேதி நம் சட்டமன்றம் தொழிற்சாலைகள் சட்டத்துக்கு ஒரு திருத்தத்தை நிறைவேற்றியது. 65-ஏ என்று ஒரு புதிய பிரிவு. '12 மணி நேர வேலை மசோதா' என்றுதான் ஊர் பேசியது. 'விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது மாறாது, நாலு நாள் வேலை மூன்று நாள் ஓய்வு' என்று அமைச்சர்கள் விளக்கம் சொன்னார்கள். மசோதாவை எடுத்துப் பார்த்தால் '12' என்ற எண்ணே முக்கியமில்லை. எந்தெந்தப் பிரிவுகளிலிருந்து அரசு ஓர் ஆலைக்கு விலக்குத் தரலாம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது: 51, 52, 54, 55, 56, 59. அப்போதைய மூலச் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். 54 என்பது ஒரு நாளைக்கு 9 மணி நேரம். சரி, 12 ஆக்க அது வேண்டும். 56 வேலை நேரம் பரவும் அளவு, அதுவும் புரிகிறது. ஆனால் 51 என்பது அந்த 48 மணி நேர வாரம்தான். 52 வார விடுமுறை. 55 நடுவில் கிடைக்கும் ஓய்வு. 59 ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம். வாயால் 'மாறாது' என்று சொன்னவை எல்லாம் பட்டியலில் உட்கார்ந்திருந்தன. இதைக் கண்டுபிடிக்க மேதை வேண்டாம். சட்டப் புத்தகமும் அரை மணி நேரமும் போதும். தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. ஏப்ரல் 24-இல் நிறுத்தி வைத்தார்கள். மே 1-ஆம் தேதி சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் முதலமைச்சரே மசோதா திரும்பப் பெறப்பட்டதாக அறிவித்தார். திரும்பப் பெற்றதைப் பாராட்டலாம். ஆனால் 234 உறுப்பினர்கள் இருக்கும் அவையில் இது முதலில் நிறைவேறியதே, அதற்கு என்ன சொல்வது? டெல்லியில் எம்.பி.க்களுக்கு மசோதாவைப் படித்துக் குறிப்பெழுதித் தர இளம் ஆய்வாளர்களை ஓராண்டுக்கு அமர்த்தும் ஏற்பாட்டை பி.ஆர்.எஸ். என்னும் ஆய்வு அமைப்பு 2010-லிருந்து நடத்திவருகிறது. நம் எம்.எல்.ஏ.க்களுக்கு அப்படி ஒன்று வேர்விடவில்லை. பொதுக்கொள்கை என்பதை ஏதோ வெளிநாட்டுப் பட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் மாணவர்களே, அந்தப் பட்டியலை மூலச் சட்டத்தோடு ஒத்துப் பார்த்த அரை மணி நேரம்தான் பொதுக்கொள்கை.

அரசியலுக்குப் போக விரும்புகிறவர்களுக்கும் பள்ளிக்கூடம் பக்கத்திலேயே இருக்கிறது. 2011-இல் திருவொற்றியூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு சேர்ந்து முதல் மண்டலமானது. வார்டு குழு, பகுதி சபை விதிகள் 2022-இல் வந்தன. போய் உட்காருங்கள், நாற்காலி காலியாகத்தான் இருக்கும். அதே ஆண்டு வடசென்னையின் திரு.வி.க. நகரிலிருந்து 28 வயதில் ஒரு பெண் மேயரானார், இந்த மாநகராட்சியின் முதல் தலித் பெண் மேயர். வழி இல்லாமல் இல்லை.

தகவல் உரிமை மனுவும் ஒரு பயிற்சிதான். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு பெரியகுப்பத்தில் கோரமண்டல் ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது மூச்சுத் திணறி ரோட்டுக்கு ஓடிவந்தவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறீர்கள். அதன் பிறகு நிறைய இளைஞர்கள் மனுப் போட்டார்கள். 'ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?' என்று கேட்டால் பதில் வராது. காரணம் கேட்பது அந்தச் சட்டத்தில் 'தகவல்' ஆகாது. 'இன்ன ஆலைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த இயக்க இசைவாணையின் நகல், கடைசியாகச் செய்த ஆய்வறிக்கையின் நகல்' என்று கேளுங்கள். பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாள் கெடு. எண்ணூர் கழிமுகத்துக்கு 1996-இல் ஒரு வரைபடமும் 1997-இல் ஆற்றையே காணாமலடித்த இன்னொரு வரைபடமும் இருக்கின்றன என்ற விஷயம் வெளியே வந்ததும் நகல் கேட்டதால்தான். காட்டுக்குப்பம் மீனவர் ஒருவர் சாம்பல் கழிவு குறித்துப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போய், 2022-இல் தீர்ப்பு வாங்கினார். அவருக்குப் பக்கத்தில் நின்று அந்தத் தீர்ப்பு நடைமுறைக்கு வருகிறதா என்று மாதாமாதம் பார்க்க ஓர் உள்ளூர் வக்கீல் வேண்டும். அந்த வக்கீலை எப்படி உண்டாக்குவது?

இப்போது அறக்கட்டளைப் பொறுப்பாளர்களிடம் நேராகவே கேட்கிறேன். ஆண்டுதோறும் ஒரு சொற்பொழிவு, முதல் மதிப்பெண் வாங்கியவருக்கு ஒரு பதக்கம், பேச்சாளருக்கு ஒரு பொன்னாடை என்று நடத்திவருகிறீர்கள். மதிப்பெண் வாங்கியவர் எப்படியும் பிழைத்துக்கொள்வார். பதிவு செய்த முதல் மூன்று ஆண்டுதான் ஆளைக் கோர்ட்டைவிட்டு விரட்டுகிறது. ஒரு ஜூனியருக்கு மாதம் 15,000 என்றால் ஆண்டுக்கு 1,80,000, மூன்றாண்டுக்கு 5,40,000. மீதிச் சம்பளத்தைச் சீனியர் போட வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். இங்கே இருக்கும் ஆலைகளின் தொழிற்சங்கங்கள் சேர்ந்து கை கொடுத்தால் வருஷத்துக்கு இருவரை எடுக்கலாம். தொழிலாளர் வழக்கு பழக ஒருவர், கடலோர, சுற்றுச்சூழல் வழக்கு பழக இன்னொருவர். இருவரும் இந்த மண்டலத்துக்குள் குடியிருப்பவர்களாக இருக்க வேண்டும். ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். இன்றைக்கு எனக்கென்று கவரில் வைத்திருக்கும் தொகையை அதன் முதல் வரவாக எழுதிக்கொள்ளுங்கள்.

மாணவர்களுக்கு ஒன்று. பொறுப்பாளர்கள் சரி என்று சொன்னால் படிவம், பரிந்துரைக் கடிதம் என்று எதற்கும் காத்திருக்க வேண்டாம். உங்கள் தெருவில் தீராமல் கிடக்கும் ஒரு பிரச்சினை, அதற்குப் பொருந்தும் சட்டப் பிரிவு, யாரிடம் எந்த நகலைக் கேட்டீர்கள், என்ன பதில் வந்தது, இவ்வளவையும் ஒரே தாளில் தமிழில் எழுதிக் கொண்டுவந்து இந்த மண்டபத்தில் கொடுங்கள்.